குளிருக்கு முன்னே இறுகும் மரம்

(காஞ்சிபுரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் ஊரில் மார்கழி விடியலில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே காதோடு சேர்த்துத் துண்டைக் கட்டிக்கொள்கிறோம். தண்ணீர் உறைவதை ஃபிரிட்ஜைத் தவிர வேறெங்கும் நாம் பார்த்ததில்லை. ஆனாலும் உறைபனியோடு காஞ்சிபுரத்துக்கு ஓர் உறவு உண்டு. அந்த உறவு நம் தறியிலேயே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒரு கிலோ கச்சாப் பட்டு கிடைக்க, புழுக்கள் நூறு கிலோவுக்கு மேல் மல்பெரி இலையைத் தின்றாக வேண்டும். கோர்வை போட்டு நெய்த ஒரு முகூர்த்தப் புடவையை மடியில் விரித்துப் பாருங்கள். ஜரிகையையும் சாயத்தையும் கழித்துவிட்டால் மிச்சமெல்லாம் இலைதான். அந்த இலை நம் ஊரில் விளைவதில்லை. கர்நாடகத்தில் ராமநகரம் பக்கமும், நம் மாநிலத்தில் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கமும் விளைகிறது. அதனால் நம் ஊர்ப் பிள்ளையார்பாளையத்தில் தலைமுறை தலைமுறையாகத் தறியில் உட்கார்ந்தவர்களிலேயே பலர் மல்பெரிச் செடியைத் தொட்டுப் பார்த்ததில்லை. என் அப்பாவும் அப்படித்தான். குழித்தறியில் நாற்பது வருடம் மிதி மிதித்தவர். ஒருமுறை ஓசூரிலிருந்து ஒரு மல்பெரிக் குச்சியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். கட்டைவிரல் நகத்தால் பட்டையைக் கீறினார். வெள்ளையாய்ப் பால் கசிந்தது. பட்டையை உரித்தபோது நார் நாராய்ப் பிரிந்தது. இரண்டு இழையைப் பிரித்து, விரலிடுக்கில் முறுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பூச்சி என்னத்தப்பா பண்ணுது? நூலு இதுலயே இருக்கே" என்றார்.

அந்தப் பட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுவதும் அந்தப் பட்டைக்குள்தான் நடக்கிறது.

ஓசூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் மல்பெரிக்கு ஓய்வு கிடையாது. கவாத்து செய்தால் அறுபது, எழுபது நாளில் மறுபடி புழுவுக்கு இலை தயார். வருடத்துக்கு ஐந்து, ஆறு அறுவடை எடுக்கிறார்கள். காஷ்மீரிலும் மல்பெரி உண்டு, பட்டும் உண்டு. அங்கே கதை வேறு. கார்த்திகை வாக்கில் இலையெல்லாம் பழுத்து உதிர்ந்து, மரம் மொட்டையாக நிற்கும். டிசம்பர் 21 முதல் நாற்பது நாளைச் 'சில்லை கலான்' என்கிறார்கள், கடுங்குளிர்க் காலம். 2021 ஜனவரி 14 அன்று ஸ்ரீநகரில் வெப்பம் மைனஸ் 8.4 டிகிரிக்கு இறங்கியது. தால் ஏரி உறைந்தது. மல்பெரிக்கு ஒன்றும் ஆகவில்லை. வசந்தம் வந்ததும் மொட்டு உடைத்துக்கொண்டு இலை வந்துவிட்டது.

காஷ்மீர் மரம் இயல்பிலேயே வலுவானது, குளிர் அதை ஒன்றும் செய்யாது என்று நாம் நினைக்கலாம். அது சரியல்ல. அதே மரத்திலிருந்து ஆடி மாதத்தில் ஒரு பச்சைக் கிளையை வெட்டி, மைனஸ் 8 டிகிரியில் ஓர் இரவு வைத்தால் விடிவதற்குள் செத்துவிடும். மரம் ஒன்றே, கிளையும் ஒன்றே. ஆடியில் சாகும், தையில் பிழைக்கும். குளிர் தாங்கும் திறன் மரத்துக்கு எப்போதும் இருக்கிற குணம் அல்ல. வருடா வருடம் அது புதிதாகச் செய்துகொள்ளும் ஏற்பாடு. குளிர் வந்த பிறகு தொடங்கினால் காலம் போதாது. அதனால் வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வரப்போகிறது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? என்னை வாழ்நாள் முழுதும் தாவரவியல் பக்கம் இழுத்து வைத்திருந்த கேள்வி இதுதான்.

நம் வீட்டில் மாட்டியிருக்கும் பஞ்சாங்கத்தை எடுத்துப் பாருங்கள். 'அகஸ்' என்று ஒரு கணக்குப் போட்டிருக்கும். அன்றைய பகலின் நீளம் எத்தனை நாழிகை என்பது அது. மரமும் அந்தக் கணக்கைத்தான் பார்க்கிறது. வெப்பத்தை நம்ப முடியாது, ஐப்பசியிலும் ஒரு நாள் வெயில் கொளுத்தும். பகலின் நீளம் ஏமாற்றாது. இந்தத் தேதிக்கு இவ்வளவு என்றால் இவ்வளவுதான். நம் காஞ்சியில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம், நாலு நாழிகைக்குச் சற்றுக் குறைவு. ஸ்ரீநகரில் நாலரை மணி நேரம், பதினொரு நாழிகை. ஜப்பானின் வடக்கில் சப்போரோ நகரில் ஆறு மணி நேரத்துக்கும் மேல். வடக்கே போகப் போக, பகல் எழுதும் கடிதம் பெரிய எழுத்தில் இருக்கிறது.

அதைப் படிப்பது இலை. இலையில் பைட்டோக்ரோம் என்றொரு நிறமிப் புரதம் உண்டு. சிவப்பொளி பட்டால் ஒரு வடிவம், இருட்டில் மெல்ல மெல்ல வேறு வடிவம். இரவு எவ்வளவு நீளம் என்பதை மரம் இதை வைத்து அளந்துகொள்கிறது. இரவு ஓர் அளவைத் தாண்டியதும் இலையிலிருந்து செய்தி கிளம்புகிறது. கிளை நுனி வளர்ச்சியை நிறுத்துகிறது. மொட்டு செதில் போர்த்திக்கொள்கிறது. இலையில் இருக்கும் சத்தில் பெரும்பங்கு பட்டைக்கும் கட்டைக்கும் திரும்புகிறது. அதன் பிறகுதான் இலை உதிர்கிறது. செய்தி போய்ச் சேர்வதற்கு முன்பே இலைகளைப் பறித்துவிட்டால் அந்த மரம் சரியாக இறுகுவதில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சி. ஜே. வைசர் என்ற தோட்டக்கலை அறிஞர் செம்பட்டை கொண்ட ஒரு புதர்ச்செடியில் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1970இல் 'சயின்ஸ்' இதழில் படிப்படியாக எழுதினார். குறும்பகல் முதல் படி, குளிர் இரண்டாவது படி, கடுங்குளிர் மூன்றாவது படி. இந்த வரிசை தப்பினால் கடைசிப் படி கைகூடாது.

இங்கே வந்திருக்கும் நெசவாளர்களுக்கு வரிசையைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. விடிவதற்கு முன் தெருவில் பாவு நூலை நீட்டி, கஞ்சி போட்டு, உதறி, காயவிட்டு, பிறகுதான் அச்சில் கோர்க்கிறீர்கள். கஞ்சி போடாத பாவைத் தறியில் ஏற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

தெருவிளக்கைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நியூயார்க் நகரத்தில் எட்வின் மாட்ஸ்கே என்பவர் 1936இல் ஒரு கட்டுரை எழுதினார். தெருவிளக்கை ஒட்டிய கிளைகளில் மட்டும் இலை உதிர்வது தள்ளிப்போகிறது என்று அதில் காட்டினார். விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கிளைக்கு இரவு குறுகிப்போகிறது. கடிதம் வந்து சேரவில்லை. பனி வரும் ஊரில் இலை காலத்தோடு உதிர்வது உயிர் விஷயம். 2019 நவம்பர் முதல் வாரத்தில் காஷ்மீரில் பனி முன்கூட்டியே கொட்டியபோது, இலை உதிராத ஆப்பிள் மரங்கள் இலையில் சேர்ந்த பனியின் கனத்தையே தாங்காமல் முறிந்து விழுந்தன. காலத்தோடு உதிர்வதற்கும் ஒரு பலன் இருக்கிறது.

இரண்டாவது படிக்கு வருவோம். வெப்பம் பத்து டிகிரிக்கும் கீழே, ஐந்துக்குப் பக்கம் வந்ததும் மரத்துக்குள் வேலை சூடுபிடிக்கிறது. அதுவரை உறங்கிய மரபணுக்கள் விழிக்கின்றன. பட்டையில் சேமித்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. செல்சவ்வின் கொழுப்பு மாறி, குளிரில் கட்டியாகாமல் நெகிழ்வாக இருக்கப் பழகுகிறது. புதுப் புரதங்கள் வருகின்றன. சப்போரோவின் ஹொக்காய்டோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மல்பெரிப் பட்டையையே எடுத்து, குளிர்காலத்தில் மட்டும் அதன் செல்களில் குவியும் சில புரதங்களை 1999இல் கண்டுபிடித்தார்கள். அவற்றில் சில, செடிகள் கடும் வெயிலைத் தாங்குவதற்குச் செய்துகொள்ளும் புரதங்களுக்கு நெருங்கிய உறவு. கத்திரி வெயிலுக்கு ஒரு செடி தேடும் துணையை, உறைபனிக்கு இன்னொரு செடி தேடுகிறது. அதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் அப்படியே இருக்கிறது.

இத்தனை ஏற்பாடும் எதற்கு? உறையும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

பட்டைக்குள் செல்கள் செங்கல் அடுக்கியதுபோல் நெருக்கமாக இருந்தாலும், நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள் உண்டு. அங்கே இருக்கும் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் குறைவு. அதனால் அது முதலில் உறையும். பனிக்கட்டி ஒரு மணல் போல அங்கே முளைத்ததும், செல்லுக்குள் இருக்கும் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கத் தொடங்கும். செல் மெல்லச் சுருங்கும், உலர்திராட்சை போல. வெளியே பனிக்கட்டி பெருக்கும், உள்ளே சர்க்கரைச் சாறு பாகு போலக் கெட்டியாகும். பாகு எளிதில் உறையாது. இப்படியே போனால் செல் பிழைக்கும். தண்ணீர் வெளியேறுவதற்கு நேரம் கொடுக்காமல் குளிர் சடாரென்று இறங்கினால் செல்லுக்குள்ளேயே பனி ஊசி முளைக்கும். சவ்வைக் கிழிக்கும். அதோடு முடிந்தது. ஆகவே உறைபனியைத் தாங்குவது என்பது பெரும்பாலும் வறட்சியைத் தாங்குவதுதான். இருக்கிற தண்ணீரை விட்டுக்கொடுத்துவிட்டு, சுருங்கி, கிழியாமல் காத்திருக்க வேண்டும். சர்க்கரையும் புரதமும் சவ்வைப் பிடித்துக்கொண்டு நிற்பது அதற்குத்தான்.

கட்டையின் உட்புறச் செல்களுக்குப் பல மரங்களில் வேறு வழி. அங்கே தண்ணீர் வெளியேறாது, உறையாமலேயே மைனஸ் நாற்பது வரை போகும். அதற்குக் கீழே அந்த வித்தை பலிக்காது. ஓக் போன்ற மரங்கள் துருவப் பக்கம் போகாமல் நின்றுவிட்டதற்கு அது ஒரு காரணம். வில்லோவும் பாப்ளரும் உறையக்கூடிய தண்ணீரை வெளியேற்றும் வழியில் போகிறவை. அவற்றுக்கு அந்த எல்லை இல்லை.

எல்லை இல்லை என்றால் எவ்வளவு? அதைச் சோதித்தவர் அகிரா சகாய். சப்போரோவில் தாழ்வெப்ப ஆராய்ச்சியில் இருந்தவர். 1950களின் நடுவில் அவர் கையில் எடுத்தது என்ன தெரியுமா? மல்பெரிக் குச்சி. கடுங்குளிரில் இறுகிய மல்பெரிக் குச்சிகளை மெல்ல மெல்ல மைனஸ் 30 டிகிரி வரை குளிர்வித்தார். அந்த நிலையில் செல்லுக்குள் உறையக்கூடிய தண்ணீர் கிட்டத்தட்ட வெளியேறிவிட்டிருக்கும். பிறகு திரவ நைட்ரஜனுக்குள் இறக்கினார். மைனஸ் 196 டிகிரி. பூமியில் எந்தக் காட்டிலும் எந்தக் குளிர்காலத்திலும் அப்படிக் குளிர் வந்ததில்லை. மறுபடி வெளியே எடுத்தபோது குச்சி உயிரோடு இருந்தது. 1960இல் 'நேச்சர்' இதழில் மரக் குச்சிகள் மைனஸ் 196இலும் பிழைப்பதை உலகுக்கு அறிவித்தார். மைனஸ் 30 வரை நிதானமாகப் போன குச்சிக்கு அதற்குக் கீழே எதுவும் ஒன்றுதான். உறைவதற்கு உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

நம் தறிக்கு இழை கொடுக்கும் அதே மல்பெரி இனம், உலகத்துக்கு இதைக் காட்டிய செடிகளில் முதன்மையானது. இதை நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஒருவராவது தெரிந்துகொள்ள வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை.

இறுகுவதற்கு வாரங்கள் ஆகும், தளர்வதற்கு நாட்களே போதும். மாசியில் நாலைந்து நாள் வெயில் அடித்துவிட்டால் மரம் வசந்தம் வந்துவிட்டதென்று அவிழத் தொடங்கும். அதன் பிறகு ஓர் இரவு உறைபனி வந்தால் பூவும் துளிரும் போச்சு. குளிர்ப் பிரதேசத் தோட்டக்காரர்கள் பயப்படுவது மார்கழிக் குளிரைவிட இந்தப் பின்பனியைத்தான். வளரும் பருவம் முடியும் நேரத்தில் தழைச்சத்து உரம் போட வேண்டாம் என்று அவர்கள் சொல்வதும் மரம் இறுக வேண்டும் என்பதற்காகத்தான். உரம் கண்ட கிளை வளர்ந்துகொண்டே இருக்கும், இறுக மறந்துவிடும்.

நம் தமிழ்நாட்டில் உறைபனி விழும் இடங்களில் ஒன்று நீலகிரி. ஒரு தை மாதம் ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைச் சரிவின் அடிவாரத்தில் விடிகாலை நின்றிருந்தேன். புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல் வெள்ளை. குளிர்ந்த காற்று கனமானது, இரவெல்லாம் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. மேட்டில் இருந்த செடிகள் பச்சையாக இருந்தன, பள்ளத்தில் இருந்தவை பனி போர்த்து நின்றன. ஒரு கொழுந்தைத் தொட்டேன், அப்பளம் போல ஒடிந்தது. வெயில் ஏறி எட்டு மணிக்கெல்லாம் பனி உருகியதும் இலைகள் கரும்பச்சையாகி, வெந்த கீரை போலத் துவண்டன. செல் கிழிந்து சாறு வெளியே வந்துவிட்டது. மாலைக்குள் பழுப்பு. அங்கே வேலை செய்யும் அம்மா ஒருவர், "கருகிருச்சு சார், நெருப்பு வச்சாப்ல" என்றார். இளஞ்செடிகளை மிலார்த் தழைகளை வெட்டி மூடி வைக்கிறார்கள், பொழுது விடிவதற்குள் தண்ணீர் தெளிக்கிறார்கள்.

நீலகிரித் தேயிலை ஏன் காஷ்மீர் மல்பெரி போல இறுகவில்லை? ஊட்டி நம்மைவிடத் தெற்கே இருக்கிறது. அங்கும் பகலின் நீளம் வருடம் முழுதும் அதிகம் மாறாது, கடிதம் மங்கலான எழுத்தில்தான் வருகிறது. அதோடு ஜனவரியில் பகலெல்லாம் இருபது டிகிரி வெயில், இரவில் சுழியத்துக்குக் கீழே. ஒரே நாளில் ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும். வாரக்கணக்கில் நடக்க வேண்டிய இறுக்கத்துக்கு அங்கே அவகாசம் இல்லை. சின்ன இலைச் சீனத் தேயிலை ஓரளவு தாங்கும், பெரிய இலை அசாம் வகைக்கு அதுவும் கஷ்டம்.

நீலகிரியின் முகத்தையே இந்த உறைபனி வரைந்திருக்கிறது. மடிப்புகளில் சோலைக் காடு, வெளியே புல்வெளி, இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டினாற்போல் எல்லை. வனத்துறை அதிகாரியாக இருந்த சி. ஆர். ரங்கநாதன் 1938இல் 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில், சோலை மரங்கள் புல்வெளிக்குள் பரவாமல் தடுப்பதில் உறைபனிக்குப் பெரும்பங்கு என்று வாதிட்டார். சோலைக்குள் கிளைக்கூரையே போர்வை, அடியில் கன்று பத்திரமாக வளரும். அந்தக் கூரைக்கு வெளியே பத்தடி தள்ளி விழுந்த விதை முளைத்தாலும் முதல் தை மாதத்தைத் தாண்டுவது கடினம். தீயும் மேய்ச்சலும்தான் காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு. அந்த வாதம் இன்னும் முடியவில்லை. பனியில் கருகிய கொழுந்தைத் தொட்டவன் என்ற முறையில் நான் ரங்கநாதன் பக்கம். அந்தத் திறந்த புல்வெளியில் தனியாக நிற்கும் துணிச்சல் காட்டுப் பூவரசு என்னும் மரத்துக்கு உண்டு. அதன் நெருங்கிய சொந்தங்கள் இமயமலையில் இருக்கின்றன. தடித்த பட்டையும் தோல் போன்ற இலையுமாக, ஒரு குளிர்நாட்டு வழக்கத்தை நம் தென்மலையில் அது காப்பாற்றி வருகிறது.

ஏகாம்பரநாதர் கோயில் தலமரமான மாமரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. மாமரத்துக்கு இறுகவே தெரியாது, கடும் உறைபனி அதற்குச் சாவு. ஆனால் மார்கழியின் இளங்குளிரை அது உணர்கிறது. இரவுக் குளிர்ச்சி இலையில் படும்போது நுனி மொட்டு, இலையாவதை விட்டுப் பூவாகத் திரும்புகிறது. தையில் நீங்கள் பார்க்கும் மாம்பூவுக்குப் பின்னால் மார்கழி இரவுகள் இருக்கின்றன.

மறுபடி மல்பெரிக்கு வருகிறேன். ஓசூரில் மத்திய பட்டு வாரியத்தின் மரபுவளக் காப்பகம் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மல்பெரி வகைகளைத் தோட்டமாக வளர்க்கிறார்கள். நோயோ வறட்சியோ வந்தால் ஒரு தோட்டம் அழியலாம், அழிந்த வகை திரும்பாது. ஆகவே டெல்லியில் உள்ள தேசியத் தாவர மரபுவளக் காப்பகத்தோடு சேர்ந்து, குளிர்கால மொட்டுகளைத் திரவ நைட்ரஜனில் வைத்துக் காக்கும் வேலை நடந்திருக்கிறது. சகாய் செய்த அதே மைனஸ் 196. ஆனால் சப்போரோவின் குச்சி பனியில் இறுகியது, ஓசூர்க் குச்சிக்கு உறைபனியே தெரியாது. அதனால் குளிர் செய்ய வேண்டிய வேலையை மனிதக் கைகள் செய்கின்றன. மொட்டுகளை நிதானமாக உலர்த்தி, தண்ணீரை அளவோடு வெளியேற்றி, படிப்படியாகக் குளிர்வித்து, பிறகு இறக்குகிறார்கள். அவசரப்பட்டு உலர்த்தாத மொட்டைப் போட்டால் செத்துவிடும். மிதமிஞ்சிக் காய்ந்தாலும் செத்துவிடும். பதம் தெரிய வேண்டும்.

அங்கே போயிருந்தபோது அப்படி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மொட்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்கள். கொள்ளு மணியைவிடச் சிறியது. பழுப்புச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் மடிந்து, தொட்டால் உதிர்ந்துவிடும் போல இருந்தது. நைட்ரஜனிலிருந்து எடுத்த பிறகு இதை ஈரத்தில் மெல்ல ஊறவைத்து ஊடகத்தில் வைப்பார்களாம். அடுத்த மேசைக் கண்ணாடிக் குழாய் ஒன்றில், அப்படித் திரும்பி வந்த மொட்டு ஒன்று செதிலைத் தள்ளிக்கொண்டு ஓர் இலையை விரித்திருந்தது. கட்டைவிரல் நகம் அளவு இலை. ஓரத்தில் பற்கள் கூடத் தெளிவாக விழுந்திருந்தன.